தமிழில் உடற்கூறு கற்பித்த அமெரிக்கர்

என் பாட்டிக்கு உடம்பில் எந்த நோவு வந்தாலும் காரணம் மூன்றே மூன்றுதான்: சூடு, பித்தம், வாயு. தலை சுற்றினால் பித்தம். முட்டி வலித்தால் வாயு. கண் எரிந்தால் சூடு. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டிய அவர், இப்பொழுது ஸ்ரீ கெம்பாங்கானில் எங்களோடு இருக்கிறார். இங்கு வந்தபிறகும் அவருடைய மருத்துவக் கொள்கை மாறவில்லை. மாறுவதற்கும் காரணம் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மழையில் நனைந்த பேரனுக்கு ஆங்கின் புகுந்துவிட்டது என்று எண்ணெய் தேய்ப்பார். முச்சந்தியில் உள்ள சீனர் கடையில் உடற்சூடு தணிக்கக் கசப்பு மூலிகைத் தண்ணீர் விற்கிறார்கள். ஆக, மூவினமும் ஏற்றுக்கொண்ட கொள்கையை என் பாட்டி மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

நான் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை சூடு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஒவ்வொரு நாளும் வாங்கி, தாளில் மடித்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஒரு நாள் காலையில் அவருடைய வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நல்ல வேளையாகச் சிறிய பக்கவாதம்தான். மருத்துவமனையில் மருத்துவர் என்னிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கிவிட்டு, நோவு தெரியாவிட்டாலும் மாத்திரையை ஏன் தினமும் சாப்பிட வேண்டும் என்பதைப் பாட்டிக்கு அவர் மொழியில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

எனக்கு வாய் வரவில்லை. தேர்வில் இதே கேள்விக்கு நான்கு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியவள் நான். ஆனால் பாட்டியின் கட்டிலருகே நின்று, டாக்டர் சொல்கிறார், சாப்பிடுங்கள் என்பதற்குமேல் ஒரு வாக்கியம் என்னால் அமைக்க முடியவில்லை. மலாயில் யாராவது பேசினால் புரியாமலேயே தலையாட்டுவாரே, அதேபோல் எனக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி, அதன்பின் ஆங்கிலவழிப் பல்கலைக்கழகம். நம்மில் பலர் ஏறிவந்த படிக்கட்டு இதுதான். ஒவ்வொரு படியிலும் புதியதைப் பெற்றோம். ஒவ்வொரு படியிலும் பழையது ஒன்றைக் கீழே வைத்துவிட்டும் வந்தோம். நுரையீரல், இரைப்பை என்று ஆறாம் ஆண்டில் ஒப்புவித்த சொற்களுக்குப் பின் என் தமிழ்மருத்துவ அகராதியில் ஒரு சொல்லும் சேரவில்லை.

இந்த வருத்தத்தை ஒரு தீபாவளி நாளில் பிரிக்பீல்ட்ஸில் தோழியின் தாத்தாவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாண வழிவந்தவர். நவீன மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று நான் அலுத்துக்கொண்டதும் அவர் சிரித்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் முழு மருத்துவப் படிப்பையும் தமிழிலேயே நடத்திக்காட்டினார் என்றார். அப்படித்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். ஈழத்தில் நன்கு அறியப்பட்ட அப்பெயர் நம் நாட்டு மாணவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வயது மருத்துவர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்றோர் ஊர். அங்குள்ள கிறீன் ஹில் என்ற பண்ணை வீட்டில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சாமுவேல் பிறந்தார். பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாவதற்கு உழைத்தவர். 1898-இல் சுற்றுப்பகுதிகளை இணைத்து இன்றைய பெருநகர் அமைய முன்னின்றவர். அண்ணன் ஒரு நகரத்தைக் கட்டினார். தம்பி கடல் கடந்து ஒரு மொழிக்கு உழைக்கப் போனார்.

நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற சாமுவேல் 1845-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 22. இதை எழுதும் எனக்கும் அதே வயதுதான். 1847-இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அந்த மிஷன் 1816 முதலே அங்குப் பள்ளிகளையும் தேவாலயங்களையும் நடத்தி வந்தது. ஜோன் ஸ்கடர், நேத்தன் வார்ட் ஆகிய மருத்துவர்கள் அவருக்கு முன்பே அங்குப் பணியாற்றியவர்கள். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, பிறகு மானிப்பாய்க்கு மாறினார். 1848-இல் ஒரு சில மாணவர்களை வைத்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது 1870-இல்தான். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் ஊரில் மருத்துவக் கல்வி தொடங்கிவிட்டது.

மேலைநாட்டின் வாத பித்தம்

கிறீன் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த மருத்துவம் எத்தகையது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் வாழ்க்கையின் சுவை விளங்கும். மேல்நாட்டு மருத்துவம் என்றால் தொடக்கம் முதலே நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மேல்நாட்டாரும் என் பாட்டியைப்போலத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த இப்போகிரட்டீசின் மரபினர், உடம்பில் குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் உள்ளன என்றனர். அவை சமமாக இருந்தால் நலம். ஒன்று மிகுந்தாலோ குறைந்தாலோ நோய். கி.பி. 129-இல் பிறந்த கேலன் என்ற மருத்துவர் இதை ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தார். குருதி சூடும் ஈரமும் உடையது. சளி குளிர்ச்சியும் ஈரமும். மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும். கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும். மனிதரின் குணத்தையும் இவற்றைக் கொண்டே அளந்தார்கள். மனச்சோர்வைக் குறிக்கும் மெலன்கொலி என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் கரும்பித்தம் என்பதே பொருள்.

இக்கோட்பாடு ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. அரபு மொழிக்குப் போயிற்று. 980-இல் பிறந்த இப்னு சீனா தம் பெருநூலில் அதை ஒழுங்குபடுத்தினார். இசுலாமிய உலகின் வழியாக அது நம் மலாய்த் தீவுகளுக்கும் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொல்லும் சூட்டிலும் குளிர்ச்சியிலும் காற்றிலும், பிள்ளை பெற்றவர் காக்கும் பத்தியத்திலும் இந்த மண்ணின் பழைய நம்பிக்கைகளோடு கிரேக்கத்தின் எதிரொலியும் கலந்திருக்கிறது.

நம்மவர் கணக்கு மூன்று: வாதம், பித்தம், கபம். குருதி அப்பட்டியலில் இல்லை, காற்று இருக்கிறது. திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் முதற்குறளிலேயே இம்மூன்றின் மிகுதியையும் குறைவையும் நோய்க்குக் காரணமாகக் காட்டுகிறார். எண்ணிக்கை வேறுபட்டாலும் சமநிலை என்ற அடிப்படை ஒன்றுதான்.

ஐரோப்பாவில் இக்கோட்பாடு ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. 1543-இல் வெசாலியஸ் மனித உடலை அறுத்துப் பார்த்துக் கேலனின் உடற்கூற்றுப் பிழைகளைக் காட்டினார். 1628-இல் ஹார்வி இரத்தம் சுற்றியோடுவதை நிறுவினார். அப்படியும் மருத்துவர்கள் மிகுந்த குருதியைக் குறைக்கிறோம் என்று நரம்பைக் கீறி இரத்தம் வடிப்பதை விடவில்லை. 1799-இல் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் இறக்கும் தறுவாயிலும் அவருடைய மருத்துவர்கள் பலமுறை இரத்தம் வடித்தார்கள். 1835-இல் பிரான்சின் பியேர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, நுரையீரல் அழற்சிக்கு இரத்தம் வடிப்பதால் பெரிய பயனில்லை என்று காட்டினார். நோயின் இருப்பிடம் உயிரணு என்று ஜெர்மனியின் விர்கோ தம் நூலில் நிறுவியதோ 1858-இல்தான்.

ஆகவே 1845-இல் பட்டம் வாங்கிய கிறீன், பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிய வீட்டைக் கட்டிமுடிக்காத ஒரு மருத்துவத்தின் பிள்ளை. யாழ்ப்பாணத்து வைத்தியரை அவர் சந்தித்தபோது இருவருக்கும் இடையே இருந்த தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒருவருடைய மரபு அப்போதுதான் விட்டுவந்ததை மற்றவர் இன்னும் வைத்திருந்தார்.

வாந்திபேதிக் காலம்

கிறீன் பணியாற்றிய ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கியது. வீடுவீடாகச் சாவு. இந்நோயின் ஆங்கிலப் பெயரான காலரா, பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்றே பொதுவாகக் கொள்வர். காரணம் தெரியாமலேயே உலகமெங்கும் மருத்துவர்கள் அந்நோயோடு போராடிக்கொண்டிருந்தார்கள். 1854-இல் லண்டனில் ஜோன் ஸ்னோ குடிநீரைச் சந்தேகித்துக் காட்டியும் பலர் நம்பவில்லை.

கிறீன் நோயாளிகளைத் தேடிப்போனார். துப்புரவைப் பற்றியும் நோய்த் தடுப்பைப் பற்றியும் எளிய தமிழில் சிறு பிரசுரங்களை வெளியிட்டார். மருந்து கொடுப்பதோடு மருத்துவர் வேலை முடிவதில்லை, நோயாளிக்கு விளங்கும்படி சொல்வதும் அவ்வேலையில் பாதி என்பதை அவர் அறிந்திருந்தார். இந்த இடத்தைப் படித்தபோது என் பாட்டியின் கட்டில் மீண்டும் கண்முன் வந்து நின்றது.

தமிழிலேயே கற்பித்தல்

தொடக்கத்தில் அவருடைய வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. ஆனால் அவர் தமிழை முறையாகக் கற்றார். உடற்கூறும் உடலியக்கமும் சுகாதாரமும் பற்றிக் கட்டர் என்பவர் எழுதிய நூலைத் தழுவிய முதல் தமிழ்நூல் 1852-இலேயே வெளிவந்தது. 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’ வெளிவந்தது. அதே ஆண்டு ஓய்வுக்காகத் தாயகம் சென்ற கிறீன், 1862-இல் மணம் செய்துகொண்டு மனைவி மார்கரெட்டுடன் திரும்பினார். 1864 முதல் மருத்துவ வகுப்பை முழுவதும் தமிழுக்கு மாற்றினார்.

ஏன் மாற்றினார்? ஆங்கிலம் படித்தவனுக்கு அரசாங்க வேலை காத்திருந்த காலம் அது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் சம்பளத்தைத் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்களே கிராமத்தில் தங்கித் தம் மக்களுக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்பது கிறீனின் கணக்கு. மாணவர்களுக்கு இது உவப்பாக இருந்திருக்காது. ஓர் ஆங்கிலேயர் மொழிக்காரரே வந்து, ஆங்கிலம் வேண்டாம், தமிழில் படியுங்கள் என்றால் நாம் மட்டும் ஒப்புக்கொள்வோமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். விடை எனக்குப் பெருமை தருவதாக இல்லை.

வகுப்பை மாற்றினால் போதாது, நூல் வேண்டும். கிறீனும் அவர் மாணவர்களும் அமர்ந்து எழுதினார்கள். மாணவர்கள் மொழிபெயர்த்ததை அவர் வரிவரியாகத் திருத்துவார். 1867-இல் அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’. 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’. இது இன்றும் மருத்துவ மாணவர்கள் போற்றும் கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம். மூலநூல் லண்டனில் வெளிவந்தது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! அதே 1872-இல் ‘வைத்தியாகரம்’. 1875-இல் வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’. 1883-இல் உடலியக்கம் பற்றிய ‘மனுஷ சுகரணம்’. 1884-இல் இந்திய மருந்துப்பொருள்கள் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’. சில மானிப்பாயிலும் சில நாகர்கோவிலிலும் அச்சாயின. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். கலைச்சொற்களையும் தொகுத்து வெளியிட்டார்.

சொல்லாக்கத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று பார்ப்பார். இல்லையென்றால் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். கெமிஸ்தம் என்ற சொல்லைக் கேட்டு என் தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். சிரிப்பதற்காவது அவரிடம் ஒரு சொல் இருந்தது. மருத்துவமனையில் என்னிடம் அதுவும் இல்லை.

இரண்டு பணிக்காலங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

மரியாதையோடு ஒரு மறுபார்வை

கிறீனைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சமயம் பரப்ப வந்தவர். மருந்தையும் மதத்தையும் ஒரே பையில் கொண்டுவந்தார். மிஷனிடம் படித்த பிள்ளைகள் பலர் தம் சொந்தப் பெயரை விட்டு அமெரிக்கப் பெயர்களைத் தாங்கினார்கள். அந்நூல்களின் வடமொழி கலந்த நடை இன்று நமக்குக் கடினம். அங்காதிபாதமும் சுகரணமும் வழக்கொழிந்துவிட்டன. உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்று வேறு சொற்கள் வந்துவிட்டன. அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நீடிக்கவில்லை. ஆங்கிலமே வென்றது.

அப்படியென்றால் அவர் தோற்றுவிட்டாரா? இல்லை என்பேன். தமிழில் முடியுமா என்ற கேள்விக்கு அவர் சொற்பொழிவால் விடை சொல்லவில்லை. நூல்களாலும் மாணவர்களாலும் விடை சொன்னார். முடியாது என்று இனி யார் சொன்னாலும், முடியவில்லை என்றல்ல, நாம் தொடரவில்லை என்றுதான் திருத்திச் சொல்ல வேண்டும்.

உடல்நலம் குன்றி 1873-இல் கிறீன் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்டார். வூஸ்டருக்குத் திரும்பிய பிறகும் தமிழ்நூல் பணியை அவர் விடவில்லை. மானிப்பாயிலிருந்து கடல் கடந்து வரும் கையெழுத்துப் படிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பனிக்காலத்தில் ஒருவர் அமர்ந்து தமிழ் மருத்துவ நூலைப் பிழைதிருத்தும் காட்சியைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கோக், கல்கத்தாவில் வாந்திபேதியின் கிருமியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பித்தத்தின் பெயரைச் சுமந்த நோய்க்கும் பித்தத்துக்கும் தொடர்பில்லை என்பது அத்தோடு தெளிவாயிற்று. அதே ஆண்டு மே 28-ஆம் நாள், வூஸ்டரில் கிறீன் காலமானார். அவருக்கு வயது 61. தாம் தமிழர்களுக்கு மருத்துவராக இருந்தவர் என்பது தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மானிப்பாயில் அவர் பெயரால் அமைந்த கிறீன் நினைவு மருத்துவமனை அவரை நினைவூட்டுகிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967-இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்ற நூலை எழுதி அவரை நம் தலைமுறைகளுக்கு மீட்டுத் தந்தார்.

மீண்டும் பாட்டியிடம்

இவ்வளவும் படித்த பிறகு ஒரு சனிக்கிழமை மாலை பாட்டியின் பக்கத்தில் அமர்ந்தேன். இம்முறை ஆயத்தமாகப் போயிருந்தேன். பித்தம் என்பதே பொய் என்று தொடங்கவில்லை. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதற்கு ஒரு பையும் இருக்கிறது என்று தொடங்கினேன். பாட்டிக்கு மகிழ்ச்சி. அவர் சொன்னதைப் பேத்தியின் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்கிறது அல்லவா!

பிறகு வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் காட்டினேன். குழாயின் வாயைப் பாதி அடைத்தால் உள்ளே தண்ணீர் முட்டும். நாள்தோறும் முட்டினால் குழாய் எங்காவது பலவீனப்படும். வெடிக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. இரத்தக் குழாயும் அப்படித்தான். மாத்திரை குழாயைத் தளர்த்துகிறது. நிறுத்தினால் மீண்டும் இறுகும். அதனால்தான் தினமும். இரத்தக் குழாய், அழுத்தம், தளர்வு, இறுக்கம். எனக்குத் தேவைப்பட்டவை இந்த நான்கு சொற்கள்தான். நான்கும் ஆரம்பப் பள்ளியிலேயே எனக்குத் தெரிந்த சொற்கள்தான். அவற்றைச் சேர்த்துக் கோக்கத்தான் மூன்றாண்டு ஆயிற்று.

பாட்டி நெடுநேரம் யோசித்தார். தலையாட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டார். வாயைப் பாதி அடைத்தது யார் என்று. உப்பைப் பற்றியும், வயதாகும்போது குழாய் தடிப்பதைப் பற்றியும் பேசினோம். இரவு உணவு ஆறிப்போகும்வரை பேசினோம். பாட்டி என்னிடம் கேள்வி கேட்டதை ஒரு பட்டமாகவே கருதுகிறேன்.

நண்பர்களே, நம் மொழிக்கழகத்தில் பொறியியல் படிப்போர் இருக்கிறோம், சட்டம், கணக்கியல், வேளாண்மை படிப்போர் இருக்கிறோம். பட்டிமன்றத்தில் தமிழின் பெருமையைப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அத்தோடு, இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது நாம் படிக்கும் பாடத்தில் ஒன்றே ஒன்றை, நம் வீட்டில் ஒருவருக்கு, அவர் திருப்பிக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தமிழில் விளக்கிப் பார்ப்போமா? கிறீன் நாலாயிரம் பக்கம் எழுதினார். நாம் ஒரு பக்கத்தில் தொடங்கலாம்.

பாட்டி இப்பொழுது மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். ஆனாலும் அது சூடுதான் என்ற எண்ணம் அவரைவிட்டு முற்றாகப் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, மாத்திரை விழுங்கிய கையோடு ஒரு குவளை பார்லித் தண்ணீரும் குடித்துவிடுகிறார். அதை நான் தடுப்பதில்லை.